கடனிலிருந்து பிறக்கும் பணம்: ‘மனி ஆஸ் டெட்’ ஆவணப்படத்தின் வாதங்கள்

1. படமும் அது கிளப்பிய கேள்வியும்

‘மனி ஆஸ் டெட்’ 2006-இல் வெளிவந்த 47 நிமிட அசைவூட்ட ஆவணப்படம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தைச் சேர்ந்த ஓவியர் பால் கிரிக்னன் இதை உருவாக்கினார். 2009-இலும் 2011-இலும் இதன் தொடர்ச்சியாக மேலும் இரண்டு படங்களை எடுத்தார். முதல் படம் வெளியான அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி தொடங்கியது. வங்கிகள் சரிவதைக் கண்ட மக்கள், வங்கிப் பணம் என்பது உண்மையில் என்ன என்று கேட்கத் தொடங்கிய வேளையில், கையில் எளிதாகக் கிடைத்த விளக்கங்களில் இந்தப் படமும் ஒன்று.

படம் முன்வைக்கும் வாதம் நான்கு படிகளில் அமைந்தது. நவீன வங்கித்தொழில், தம்மிடம் இருந்த பொன்னைவிட அதிக ரசீதுகளை வெளியிட்ட பொற்கொல்லர்களின் தந்திரத்தில் பிறந்தது என்பது முதல் படி. இன்று புழங்கும் பணத்தில் மிகப் பெரும்பகுதியை அரசு அச்சிடவில்லை, வங்கிகளே கடன் கொடுக்கும்போது உண்டாக்குகின்றன என்பது இரண்டாவது. வங்கி அசலை மட்டுமே உண்டாக்குகிறது, வட்டிக்கான பணத்தை உண்டாக்குவதில்லை. ஆகவே சமுதாயம் முழுவதுமாகக் கடனைத் திருப்பிக் கட்டவே முடியாது, மேலும் மேலும் கடன் வாங்கி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. பணத்தை உண்டாக்கும் அதிகாரம் மக்களாட்சியின் கைக்குத் திரும்பவேண்டும் என்பது நான்காவது.

இவ்வகைப் படங்கள் பல உண்டு. பில் ஸ்டில்லின் ‘தி மனி மாஸ்டர்ஸ்’ 1996-இல் வந்தது. பிரிட்டனில் எடுக்கப்பட்ட ‘97% ஓன்ட்’ 2012-இல் வந்தது. ஆதரவாளர்கள் இவற்றை முழு உண்மை என்று ஏற்கின்றனர்; பொருளியல் துறையினர் பலர் முழுப் பிழை என்று ஒதுக்குகின்றனர். இரண்டு நிலைகளுமே போதுமானவை அல்ல. படத்தின் நான்கு படிகளும் ஒரே அளவு வலுவுடையவை அல்ல. ஒன்று உறுதியாகச் சரி, ஒன்று பாதி சரி, ஒன்று சொல்லப்பட்ட வடிவில் பிழை. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோடவேண்டியிருக்கிறது.

படத்திற்குப் பின்னால் கனடாவுக்கே உரிய ஒரு மரபும் இருக்கிறது. பெருமந்தத்தின்போது, 1935-இல், அந்நாட்டின் மேற்கு மாநிலமான ஆல்பர்ட்டாவில் வில்லியம் அபெர்ஹார்ட் தலைமையிலான சமூகக் கடன் கட்சி ஆட்சியைப் பிடித்தது. மக்கள் கையில் இருக்கும் வாங்கும் சக்தி, பொருள்களின் மொத்த விலைக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும் என்ற, சமூகக் கடன் இயக்கத்தின் மூலவர் மேஜர் டக்ளஸின் கோட்பாடே அக்கட்சியின் அடிப்படை. மாநில அரசு வங்கிகளைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த சட்டங்களை 1938-இல் கனடா உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அடுத்த ஆண்டு கனடா வங்கியின் முதல் ஆளுநர் கிரஹாம் டவர்ஸ், வணிக வங்கிகள் கடன் வழங்கும்போது புதிய பணம் உண்டாகிறது என்று நாடாளுமன்றக் குழுவின் முன் வெளிப்படையாகவே சாட்சியம் சொன்னார். பணச் சீர்திருத்தம் பேசுவோர் இந்தச் சாட்சியத்தை இன்றுவரை மேற்கோள் காட்டி வருகின்றனர்.

2. பொற்கொல்லர் கதையும் வரலாறும்

படத்தின் தொடக்கக் கதை பல பாடநூல்களிலும் உள்ளதுதான். மக்கள் பொன்னைப் பொற்கொல்லரின் பெட்டகத்தில் வைக்கிறார்கள். அவர் தரும் ரசீதுகள் கைமாறிப் பணம்போலப் புழங்குகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் பொன்னைக் கேட்டு வருவதில்லை என்று கண்டுகொண்ட பொற்கொல்லர், இல்லாத பொன்னுக்கும் ரசீது எழுதிக் கடன் கொடுக்கிறார்.

இதற்கு வரலாற்றில் ஓரளவு அடிப்படை உண்டு. 1640-இல் முதலாம் சார்லஸ் மன்னர், லண்டன் கோபுர நாணயச் சாலையில் வணிகர்கள் வைத்திருந்த பொன்வெள்ளியைத் தடுத்துவைத்தார். அதன்பின் வணிகர்கள் லண்டன் பொற்கொல்லர்களை நாடியது உண்மை. அவர்களின் ரசீதுகள் புழங்கியதும், ஒருவர் ரசீதை மற்றவர் ஏற்றுக் கணக்கைத் தமக்குள் நேர்செய்துகொண்டதும் உண்மை.

படம் சொல்லாமல் விடுவது வேறொன்று. அந்தப் பொற்கொல்லர்களின் மிகப் பெரிய கடனாளி அரசே. 1672-இல் இரண்டாம் சார்லஸ், கருவூலத்திலிருந்து கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தினார். பத்து லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை முடங்கியது. பல பொற்கொல்ல வங்கியர் நொடித்துப்போயினர். 1694-இல் இங்கிலாந்து வங்கி பிறந்ததும் அரசின் கடன் தேவையால்தான்: பிரான்சுடனான போருக்காக 12 லட்சம் பவுண்டை 8 சதவீத வட்டிக்கு அரசுக்குத் தந்ததற்கு ஈடாக அதற்கு உரிமைச் சாசனம் கிடைத்தது. நவீனப் பணம் ஏமாற்றுத் தனியாரின் கண்டுபிடிப்பு என்பதைவிட, போருக்குப் பணம் தேடிய அரசும் பாதுகாப்பான முதலீடு தேடிய வணிகரும் செய்துகொண்ட உடன்பாடு என்பதே சான்றுகளோடு பொருந்துகிறது.

காலக்கணக்கிலும் கதை தடுமாறுகிறது. பொற்கொல்லர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெனிஸ், ஜெனோவா நகரங்களின் வங்கியர் பேரேட்டில் ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு மாற்றி எழுதியே பணம் செலுத்தும் வழக்கத்தை வைத்திருந்தனர். கைவசம் இருந்த நாணயத்துக்கு மேலும் கடன் எழுதினர். 1609-இல் நிறுவப்பட்ட ஆம்ஸ்டர்டாம் வங்கி முழு இருப்பு வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடன் கொடுத்துவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது வெளிப்பட்டபோது அதன் நற்பெயர் குலைந்தது. பெட்டகப் பொன்னைவிடப் பேரேட்டு வரவே வங்கித்தொழிலின் மூல வடிவம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. இந்த வேறுபாடு சிறியதல்ல. பெட்டகத்தில் தொடங்கினால் வங்கிப் பணம் ஒரு போலிச் சரக்காகத் தெரியும். பேரேட்டில் தொடங்கினால் அது வங்கி தரும் வாக்குறுதியாகத் தெரியும், அந்த வாக்குறுதியை எது தாங்குகிறது என்பதே பிறகு கேட்கவேண்டியதாகும்.

3. வங்கி பணத்தை உண்டாக்குகிறதா?

படத்தின் மையக் கூற்று இதுதான். மிகவும் ஏளனத்துக்கு உள்ளானதும் இதுதான். ஆனால் இதில் படம் சொல்வது சரி.

வங்கிகளைப் பற்றி மூன்று விளக்கங்கள் நெடுங்காலமாகப் போட்டியிட்டு வந்தன. சேமிப்பவரிடம் வாங்கித் தேவைப்படுபவருக்குக் கொடுக்கும் இடைத்தரகரே வங்கி என்பது ஒன்று. தனி வங்கி இடைத்தரகர்தான், ஆனால் வங்கிகள் சேர்ந்து ஓர் இருப்பின் மேல் பல மடங்கு வைப்புகளை உண்டாக்குகின்றன என்பது இரண்டாவது. கடன் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வங்கியே புதிய பணத்தை உண்டாக்குகிறது என்பது மூன்றாவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாவது விளக்கத்துக்குச் செல்வாக்கு இருந்தது. நூற்றாண்டின் நடுவில் பாடநூல்கள் இரண்டாவதையே போதித்தன. பிற்காலப் பொருளியல் மாதிரிகள் பலவற்றில் முதலாவதே அமைதியாகக் குடியேறியது.

ஜெர்மானியப் பொருளியலாளர் ரிச்சர்டு வெர்னர் இதைச் செய்து பார்த்தே தீர்மானிக்க முயன்றார். 2013 ஆகஸ்டில் பவேரியாவின் வில்டன்பெர்க் என்ற சிற்றூரில் உள்ள ஒரு சிறிய கூட்டுறவு வங்கியில் 2 லட்சம் யூரோ கடன் வாங்கினார். வங்கியின் உள்கணக்குகளைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. வேறு எந்தக் கணக்கிலிருந்தும் தொகை எடுக்கப்படவில்லை. சொத்துப் பக்கத்தில் வெர்னர் திருப்பித் தரவேண்டிய கடன் 2 லட்சம் ஏறியது; பொறுப்புப் பக்கத்தில் வெர்னரின் கணக்கில் வரவு 2 லட்சம் ஏறியது. நடந்தது அவ்வளவே. அந்த வரவு, கடைக்காரரோ வீடு விற்பவரோ தயங்காமல் வாங்கிக்கொள்ளும் முழுமையான பணம்.

2014-இன் முதல் காலாண்டில் இங்கிலாந்து வங்கியே தன் இதழில் இதை உறுதிசெய்தது. மைக்கேல் மெக்லே, அமர் ரடியா, ரைலண்டு தாமஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை, பிரிட்டனில் புழங்கும் பணத்தில் 97 சதவீதம் வங்கி வைப்புகள் என்றும், அவற்றில் பெரும்பகுதி கடன் வழங்கும்போதே உண்டாகிறது என்றும், இருப்பைப் பெருக்கிப் பணம் உண்டாவதாகச் சொல்லும் பாடநூல் விளக்கம் நடைமுறைக்குப் பொருந்தாது என்றும் கூறியது. 2017 ஏப்ரலில் ஜெர்மனியின் மத்திய வங்கியும் தன் மாத அறிக்கையில் இதே முடிவைச் சொன்னது. ஒரு தனி ஓவியர் கார்ட்டூனில் சொன்னபோது மிகையெனப்பட்டதை எட்டாண்டு கழித்து ஒரு மத்திய வங்கி எழுதியது. இந்தப் பெருமை படத்துக்கு உரியது. அதை மறுப்பது நேர்மையாகாது.

விகிதம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தியாவில் பொதுமக்கள் கையில் உள்ள ரொக்கம் மொத்தப் பணத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. படமும் அதன் பின்வந்த பிரிட்டிஷ் படமும் காட்டும் 3 முதல் 5 சதவீத ரொக்கம் இங்கே பொருந்தாது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது அந்த ரொக்கத்தின் எடை எல்லோருக்கும் புலப்பட்டது.

4. ஒரு கணக்கும் அதில் விழும் ஓட்டையும்

கூற்று சரியாக இருந்தாலும் அதை விளக்கப் படம் காட்டும் கணக்கு சரியில்லை. புதிதாகத் தொடங்கப்பட்ட வங்கி ஒன்று 1,111.12 டாலரை மத்திய வங்கியில் இருப்பாக வைக்கிறது. ஒன்றுக்கு ஒன்பது என்ற விகிதப்படி அந்த வங்கி கார் வாங்க வருபவருக்கு 10,000 டாலர் கடனைப் புதிதாக உண்டாக்கித் தருகிறது. காரை விற்றவர் அந்த 10,000-ஐத் தம் வங்கியில் போடுகிறார். அந்த இரண்டாம் வங்கி பத்தில் ஒரு பங்கை நிறுத்திக்கொண்டு 9,000 கடன் கொடுக்கிறது. அது மூன்றாம் வங்கிக்குப் போய் 8,100 ஆகிறது. இப்படியே போய், தொடக்க இருப்பான 1,111.12 டாலர் கடைசியில் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலராகப் பெருகுகிறது.

ஓட்டை விழுவது காரை விற்றவரின் வங்கியில். வாங்கியவரின் வங்கியும் விற்றவரின் வங்கியும் வேறுவேறு. ஆகவே முதல் வங்கி இரண்டாம் வங்கிக்கு 10,000 டாலரை மத்திய வங்கி இருப்பாகச் செலுத்தவேண்டும். அதனிடம் இருப்பது 1,111.12 மட்டுமே. வேறெங்காவது 8,888.88 டாலர் திரட்டாவிட்டால் தொடங்கிய அன்றே அந்த வங்கி செலுத்த முடியாமல் நின்றுவிடும். பத்தில் ஒரு பங்கு இருப்பு என்ற விதியையே எடுத்துக்கொண்டாலும், 1,111.12 டாலர் இருப்பின் மேல் வங்கிகள் எல்லாம் சேர்ந்து தாங்கக்கூடிய வைப்புகள் சுமார் 11,111 டாலர்தான். படம் இரண்டு வெவ்வேறு விளக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே பெருக்கத்தை இருமுறை எண்ணிவிட்டது. தனி வங்கியால் செய்ய முடியாததை வங்கிகள் கூட்டாகச் செய்ய முடியும் என்ற வேறுபாட்டை அமெரிக்கரான சி. ஏ. பிலிப்ஸ் 1920-இலேயே விளக்கியிருந்தார்.

இந்தப் பிழையின் விளைவு எண்ணோடு நிற்பதில்லை. வங்கிகளுக்கு இடையே நாள்தோறும் கணக்கு நேராக்கவேண்டும் என்பதே தனி வங்கியைக் கட்டிப்போடும் முதல் கயிறு. அதை மறந்தால் வங்கி வரம்பில்லாத சக்தி படைத்ததாகத் தோன்றும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக்கு நேர்ந்ததை அப்படிப் பார்த்தால் புரிந்துகொள்ளவே முடியாது. வீட்டுக் கடன்களை வேகமாக எழுதிய அந்த வங்கி, வெளியேறும் தொகைக்கு ஈடாகப் பணச் சந்தையில் குறுகிய காலக் கடன்களை நம்பியிருந்தது. சந்தை உறைந்ததும் அதனால் செலுத்த முடியவில்லை. வாடிக்கையாளர்கள் கிளைகளின் வாசலில் வரிசையில் நின்றார்கள். 1866-க்குப் பின் பிரிட்டிஷ் வங்கி ஒன்றிலிருந்து மக்கள் அப்படித் திரண்டு பணம் எடுத்தது அதுவே முதல் முறை. தன் பேரேட்டில் பணத்தை உண்டாக்கும் வல்லமை அந்த வங்கிக்கும் இருந்தது. அந்த வல்லமை வங்கியைக் காப்பாற்றவில்லை.

இருப்பு விகிதமே கடனை அளக்கிறது என்ற படத்தின் அனுமானமும் காலாவதியானது. படம் எடுக்கப்பட்ட கனடாவில் கட்டாய இருப்பு 1992-இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1994-இல் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. அமெரிக்கா 2020 மார்ச்சில் அதைப் பூஜ்யமாக்கியது. இந்திய ரிசர்வ் வங்கி ரொக்க இருப்பு விகிதத்தை இன்னும் வைத்திருக்கிறது. 2025-இன் பிற்பகுதியில் அது படிப்படியாக 3 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. இன்று கடனைக் கட்டுப்படுத்துபவை வேறு: மத்திய வங்கி நிர்ணயிக்கும் வட்டி, வாராக்கடனைத் தாங்க வங்கி வைத்திருக்கவேண்டிய சொந்த மூலதனம், நம்பிக்கைக்குரிய கடனாளிகள் கிடைப்பது, வாங்கிய கடனை மக்கள் திருப்பிக் கட்டும் வேகம். கடன் அடைபடும்போது உண்டான பணம் மறைந்துவிடுகிறது. பணம் பிறப்பதை விரிவாகக் காட்டும் படம், அது இப்படி மறைவதற்கு அதே அளவு இடம் தரவில்லை.

5. வட்டிக்குப் பணம் எங்கே?

படத்தைப் பார்த்தவர்கள் மனத்தில் ஆழமாகத் தங்குவது இந்தக் கேள்விதான். வங்கி 1,000 உண்டாக்கிக் கடன் தருகிறது. திருப்பிக் கேட்பதோ அசலோடு வட்டியும். வட்டிக்கான பணம் உண்டாக்கப்படவே இல்லையே? எல்லோரும் கட்டினால் யாராவது ஒருவருக்குப் பற்றாக்குறை வந்தே தீரும் அல்லவா?

கேட்டவுடன் மறுக்க முடியாததுபோல் தோன்றும் இந்த வாதத்தை ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். ஓர் ஊரில் ஒரே வங்கி, ஒரே கடனாளி. அவர் ஓர் உழவர். 10 சதவீத வட்டிக்கு 1,000 ரூபாய் வாங்கி, ஆண்டுக்கு 100 ரூபாய் அசலும் வட்டியும் கட்ட ஒப்புக்கொள்கிறார். வாங்கிய பணத்தைக் கூலியாகக் கொடுக்கிறார். கூலிக்காரர்கள் அவரிடமே நெல் வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 1,000 ரூபாய் அவர் கைக்குத் திரும்புகிறது. அதில் அசல் 100, வட்டி 100 கட்டுகிறார். மீதி 800. அசலாகக் கட்டிய 100 மறைந்துவிடுகிறது. வட்டியாகக் கட்டிய 100 மறைவதில்லை. அது வங்கியின் வருமானம். வங்கி அதை எழுத்தருக்குச் சம்பளமாகவும் பங்குதாரருக்கு லாபமாகவும் கொடுக்கிறது. அவர்களும் நெல் வாங்குகிறார்கள். உழவர் கையில் 900; அவர் கடனும் 900. அடுத்த ஆண்டு வட்டி 90, அசல் 100. முடிவில் கையில் 800, கடனும் 800. பத்தாம் ஆண்டில் கடன் முழுவதும் தீர்கிறது. உழவர் கட்டிய வட்டி மொத்தம் 550. கட்டிய தொகை மொத்தம் 1,550. ஊரில் ஒருபோதும் 1,000 ரூபாய்க்கு மேல் பணம் இருந்ததில்லை.

ஒரு நாளில் இருக்கும் பணத்தின் அளவையும், ஓராண்டு முழுவதும் அது கைமாறும் அளவையும் ஒன்றாகக் கொள்வதே படத்தின் பிழை. வட்டி ஒரு செலவு. அது பெறுபவரின் வருமானமாகித் திரும்பி வரக்கூடியது. ஆகவே வட்டியைக் கணக்கியல் முறையில் கட்டவே முடியாது என்ற கூற்று தவறு.

எனினும் அதே கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வங்கி வட்டியில் 40 ரூபாயைச் செலவழிக்காமல் மூலதனமாக நிறுத்திக்கொண்டால், முதலாண்டு முடிவில் உழவர் கையில் 860, கடன் 900. இடைவெளி ஆண்டுதோறும் வளரும். அதை நிரப்ப யாராவது புதிதாகக் கடன் வாங்கவேண்டும். சுவிஸ் பொருளியலாளர் மத்தியாஸ் பின்ஸ்வாங்கர் 2009-இல் இந்த வழியில்தான் வளர்ச்சிக் கட்டாயம் என்ற வாதத்தைக் கட்டினார். டிம் ஜாக்சனும் பீட்டர் விக்டரும் 2015-இல் அமைத்த மாதிரி, வட்டியுள்ள கடன்பணம் இருந்தும் பொருளாதாரம் வளராமல் நிலையாக நிற்க முடியும் என்று காட்டியது. இரண்டு முடிவுகளும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும், வேறுபாடு வட்டியைப் பெற்றவர் அதை என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. வட்டி வருமானம் சிலரிடம் குவிந்து செலவாகாமல் தங்கினால் கடனாளிகளுக்கு மூச்சுத் திணறும். செலவாகிப் புழங்கினால் திணறாது. படம் கணிதத்தின் மேல் சுமத்திய குற்றம் உண்மையில் வருமானப் பங்கீட்டைச் சேர்ந்தது. அதை அந்த இடத்தில் வைத்துப் பேசியிருந்தால் படம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

படத்தின் இன்னொரு கூற்று மட்டும் நிற்கிறது. பத்தாம் ஆண்டின் முடிவில் உழவர் கடனற்றவர்; ஊரில் வங்கிப் பணமும் இல்லை. எல்லாக் கடனும் அடைபட்டால் அநேகமாக எல்லாப் பணமும் மறைந்துவிடும் என்று படம் சொல்வது, இன்றைய அமைப்புக்குப் பெருமளவு பொருந்தும் உண்மை.

6. ஆதாரங்களைக் கையாளும் முறை

படம் ஒரு நீதிமன்ற வழக்கையும் சான்றாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கிரெடிட் ரிவர் என்ற ஊரில், 14,000 டாலர் அடமானக் கடன் கட்டாத வழக்கறிஞர் ஒருவரின் வீட்டை வங்கி எடுத்துக்கொள்ள முயன்றது. வங்கி பணத்தை வெறும் பேரேட்டு எழுத்தால் உண்டாக்கியது, எதையும் உண்மையில் தரவில்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று அவர் வாதிட்டார். வங்கித் தலைவரே அவ்வாறு பணம் உண்டாக்கியதைச் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். 1968 டிசம்பரில் நடுவர் குழு வழக்கறிஞருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. படம் இதைப் புரட்சிகரமான தீர்ப்பாகக் காட்டுகிறது.

வழக்கு நடந்தது அமைதி நீதிபதி என்ற மிகக் கீழ்நிலை மன்றத்தில். நில உரிமையைத் தீர்மானிக்க அதற்கு அதிகாரமே இல்லை. தீர்ப்பு நிலைக்கவில்லை. அந்த வழக்கறிஞர் 1971-இல் தொழிலிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் இதே வாதத்தைச் சொல்லித் தம் வீட்டைக் காக்க முயன்றவர்களை அமெரிக்க நீதிமன்றங்கள் தொடர்ந்து திருப்பியனுப்பின. சட்ட நிலையும் தெளிவானது: கடன் வாங்கியவர் கைக்கு வந்தது வீடு வாங்கப் போதுமான, யாவரும் ஏற்கும் பணம். அது எப்படிப் பிறந்தது என்பது ஒப்பந்தத்தைக் கெடுப்பதில்லை. கடன் சுமையில் தவிக்கும் ஒருவர் இந்தக் காட்சியை நம்பி நீதிமன்றம் போனால் வீட்டோடு வழக்குச் செலவையும் இழப்பார். ஆவணப்படம் என்ற பெயருக்கு இங்கே ஒரு பொறுப்பு உண்டு. படம் அதை நிறைவேற்றவில்லை.

இவ்வகைப் படங்கள் பலவற்றிலும் மேற்கோள்களின் நிலையும் கவலைக்குரியது. கடன் அமைப்பு சிலர் கையில் குவிந்திருப்பதாக உட்ரோ வில்சன் சொன்ன சொற்கள், 1913-இல் ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தில் கையெழுத்திட்டதற்காக அவர் பின்னாளில் வருந்தியதாகப் பரப்பப்படுகின்றன. அவை அந்தச் சட்டத்துக்கு முந்தைய 1912 தேர்தல் காலப் பேச்சுகளைச் சேர்ந்தவை.

இதைவிடக் கடுமையான ஆபத்து, அமைப்பைப் பற்றிய விமர்சனம் மறைமுகச் சதிக் கதையாக வழுக்குவது. அப்படி வழுக்கியபோது அது பலமுறை யூத வெறுப்பில் போய் முடிந்திருக்கிறது. சமூகக் கடன் இயக்கத்தின் மூலவரான டக்ளஸே அந்த வெறுப்பைப் பரப்பினார். ஆல்பர்ட்டாவில் அபெர்ஹார்ட்டுக்குப் பின் முதல்வரான எர்னஸ்ட் மானிங் 1940-களின் இறுதியில் அத்தகையோரைக் கட்சியிலிருந்து களையவேண்டியிருந்தது. வங்கிகள் பணம் உண்டாக்குவது இரகசியமும் அல்ல, சதியும் அல்ல. சட்டம் அனுமதிக்கும், மத்திய வங்கி மேற்பார்க்கும் அன்றாடத் தொழில். விமர்சனம் அந்தச் சட்டத்தின் மேல் இருக்கவேண்டும்.

7. மாற்றுத் திட்டங்களும் அவற்றின் சோதனையும்

வட்டியில்லாப் பணத்தை அரசே உண்டாக்கிப் பொதுப்பணிகளுக்குச் செலவிடலாம் என்பது படம் காட்டும் வழி. இது புதிதல்ல. வேதியியலில் நோபல் பரிசு பெற்ற ஃபிரடெரிக் சாடி 1926-இலும், சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 1933-இலும், இர்விங் ஃபிஷர் 1935-இலும் வங்கிகள் வைப்புகளுக்கு நூறு சதவீத இருப்பு வைக்கவேண்டும் என்றனர். 2012-இல் சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் யரோமிர் பெனெஷ், மைக்கேல் கும்ஹோஃப் இருவரும் அந்தச் சிகாகோ திட்டத்தை நவீன மாதிரி ஒன்றில் இட்டுச் சாதகமான முடிவுகளை வெளியிட்டனர். அது அவர்களின் ஆய்வுத்தாள். நிதியத்தின் கொள்கை அன்று.

மக்கள் நேரடியாகத் தீர்ப்புச் சொன்ன இடம் சுவிட்சர்லாந்து. 2018 ஜூன் 10-ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில், பணத்தை மத்திய வங்கி மட்டுமே உண்டாக்கவேண்டும் என்ற முன்மொழிவை 75.7 சதவீதத்தினர் நிராகரித்தனர். நாட்டின் மத்திய வங்கியே அதை எதிர்த்தது.

இத்திட்டங்களுக்கு வரலாறு வைக்கும் எச்சரிக்கை வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் கனமானது. 1844-இல் பிரிட்டன் வங்கித் தாள்களை வெளியிடும் உரிமையைச் சட்டத்தால் கட்டியது. வங்கிகள் தாளை விட்டுவிட்டுக் காசோலை வழிப் புழங்கும் வைப்புகளுக்கு மாறின. சட்டத்தையும் 1847, 1857, 1866 ஆகிய மூன்று நெருக்கடிகளில் அரசு தளர்த்தவேண்டியிருந்தது. வங்கி வைப்பை மூடினால் பணம்போன்ற வேறொன்று வங்கிக்கு வெளியே முளைக்கும். 2008 நெருக்கடியின் மையத்தில் இருந்ததும் அப்படி முளைத்த நிழல் வங்கித்தொழிலே.

8. எதற்காகப் பணம் உண்டாகிறது?

படத்தின் நான்கு படிகளிலும் இடம்பெறாத ஒரு கேள்வி உண்டு. வங்கி பணத்தை உண்டாக்குகிறது என்றால், எதற்காக உண்டாக்குகிறது? ஆலைக்கான கடனும் பம்புசெட்டுக்கான கடனும் புதிய பொருளை விளைவிக்கின்றன. ஏற்கெனவே கட்டிய வீட்டையும் மனையையும் கைமாற்றத் தரும் கடன் பெரும்பாலும் விலையை ஏற்றுகிறது. ஏறிய விலை மேலும் பெரிய கடனுக்கு அடமானமாகிறது. ஆஸ்கர் ஹோர்தா, மோரிட்ஸ் ஷுலாரிக், ஆலன் டெய்லர் மூவரும் 17 வளர்ந்த நாடுகளின் வங்கிக் கணக்குகளை 1870 முதல் தொகுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கிக் கடனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்த நில, வீட்டு அடமானக் கடன் இன்று சுமார் 60 சதவீதம். பிரிட்டனின் நிதிச் சேவைகள் ஆணையத்துக்குத் தலைவராக இருந்த அடேர் டர்னரும், கடனின் மொத்த அளவைப்போலவே அது போகும் திசையும் நெருக்கடியைத் தீர்மானிக்கிறது என்று வாதிட்டார்.

இந்தியாவில் இந்தக் கேள்வி அரசியல் மேடைக்கே வந்த வரலாறு உண்டு. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் அடக்கம். கடன் சில பெருந்தொழில் குடும்பங்களுக்கே போகிறது, உழவருக்கும் சிறு தொழிலுக்கும் போகவில்லை என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். அந்த வழியில் வந்த முன்னுரிமைத் துறைக் கடன் விதி, வணிக வங்கிகள் தம் நிகரக் கடனில் 40 சதவீதத்தை வேளாண்மை, சிறு தொழில், வீட்டு வசதி, கல்வி போன்றவற்றுக்குத் தரவேண்டும் என்கிறது. வேளாண்மைக்கு மட்டும் 18 சதவீதம். இலக்கை எட்டாத வங்கிகள் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளும் வழியும் இருக்கிறது. உழவர் பெயரால் எழுதப்படும் கடன் உழவரைச் சேர்கிறதா என்பது தனியே விசாரிக்கப்படவேண்டியது. ஆனாலும், உண்டாகும் பணத்தின் திசையில் பொதுமக்களுக்கு ஒரு சொல் உண்டு என்பதை ஏற்கும் விதி இது. வங்கிப் பணத்தை அடியோடு ஒழிக்கச் சொல்லும் திட்டங்களைவிட, இப்படித் திசையைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கூர்மையாக்குவதே சான்றுகள் தாங்கும் வழி.

‘மனி ஆஸ் டெட்’ தன் இரண்டாம் கூற்றுக்காகப் பார்க்கத்தக்கது. வட்டிக் கணக்குக்காகவும் கிரெடிட் ரிவர் வழக்குக்காகவும் நம்பத்தக்கதல்ல. படத்தைத் திரையிடும் அமைப்புகள் 2014-இன் இங்கிலாந்து வங்கிக் கட்டுரையையும் கூடவே வாசித்து விவாதிக்கவேண்டும். இந்தியாவில் வங்கிக் கடன் எந்தெந்தத் துறைக்கு எவ்வளவு போனது என்ற விவரத்தை ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வெளியிடுகிறது; அதை யாரும் எடுத்துப் படிக்கலாம்.